கலஹா பஸ்ஸில் பார்த்த எக்ஸ்ரே

எங்கள் தோட்டத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எக்ஸ்ரே எடுத்தால் டாக்டர் பார்க்கும்வரை பொறுக்க மாட்டார்கள். உறையைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊரே பார்த்துவிட வேண்டும்.

பல்லேகலயில் தையல் ஃபெக்டரியில் சேர்ந்து எனக்கு அது ஆறாவது மாதம். அடுத்த வாரத்தோடு வேலை நிரந்தரமாகிவிடும். அதற்குள் நீண்ட லீவு போட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா நான் எங்கள் லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழ வேண்டும்? வலது முழங்காலுக்குக் கீழே வீங்கிவிட்டது. பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு டாக்டர் மறுநாள் காலையில்தான் வருவாராம்.

கலஹாவுக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் படத்தை வெளியே எடுத்து ஜன்னலில் பிடித்தார். “உள்ள வைங்க!” என்றேன். கேட்டால்தானே? முன் சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இங்க பாருங்க, சாய்ஞ்சாப்ல ஒரு கோடு. எலும்பு வெடிச்சிருக்கு. ஒன்றரை மாசம் கட்டுப் போட்டுக் கெடக்கணும்.”

படம் பின் சீட்டுக்குப் போனது, கண்டக்டரிடம் போனது. எல்லோர் கண்ணுக்கும் வெடிப்புத்தான். எனக்கும் அந்தக் கோடு நன்றாகவே தெரிந்தது. வேலை போச்சு! இறங்கும்வரை வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தேன், ஏதோ அவர் பார்த்ததால்தான் எலும்பு வெடித்த மாதிரி.

“சுப்பவைசருக்குச் சொல்லிருவோமா?” என்றார், பாவம்.

“வாயத் தொறந்தீங்க, தெரியும் சேதி!”

மறுநாள் காலை டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வாய் திறக்குமுன் நானே விரலை வைத்துக் காட்டினேன்.

“இங்கதான் டாக்டர் வெடிப்பு.”

“ஆர் சொன்னது?”

“பஸ்ல சொன்னாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “வெடிப்பில்லை அம்மா. ரத்தக் குழாயும் நரம்பும் எலும்புக்குள்ள போற வழி இது. எல்லாருக்கும் இருக்கு. உள்ளுக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வழியளாப் பிரிஞ்சு எலும்பு முழுக்க ஓடும். அது இல்லையெண்டா எலும்பு செத்துப்போகும். உங்களுக்குச் சதையிலதான் அடி.”

எலும்பு என்றால் உள்ளே செருகி வைத்த காய்ந்த கம்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதற்குள்ளும் ரத்தம் ஓடுகிறதாம்! என்னைச் சாப்பாடு இறங்காமல் அடித்த கோடுதான் எலும்புக்கே சோறு போடுகிறதாம். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப திங்கக்கிழமை வேலைக்குப் போகலாமா?” என்றேன்.

“ஓம், போகலாம். ரெண்டு நாள் ஆறுங்கோ.”

“மெய்யாவா டாக்டர்?”

“மெய்தான்.”

அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டேன். டாக்டர் பதறிப்போய், “என்னம்மா, வலி கூடிட்டுதோ?” என்றார்.

வலியாவது மண்ணாவது!