சூரியனும் மேகமும் போட்ட கேமரா

எனக்கு வயது எண்பத்தைந்து. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. மேலே உள்ள இரண்டும் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். இன்றைக்கு ஒன்பதும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சோற்றைக்கூடப் படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகின்றன. அதனால் எங்கள் குடும்பத்துக்கு முதல் கேமரா வந்த கதையை நானே சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் சொல்லும் கதையில் அதைத் தேர்ந்தெடுத்தவர் என் வீட்டுக்காரர்.

அறுபதுகளில் கடலூர் முதுநகரில் எங்களுக்குக் கயிற்றுக்கடை. என் உம்மா சிதம்பரத்தில் தங்கையோடு இருந்தார். அண்ணன் பினாங்குக்குப் போனவன் போனவன்தான். உம்மா முகத்தை ஒரு படமாகவாவது அனுப்புங்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிவிடுவான். உம்மாவுக்கோ கண்ணில் பூ விழ ஆரம்பித்திருந்தது, கன்னமும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஸ்டூடியோவில் அந்நிய ஆண் முன்னால் முகத்தைத் திறந்துகொண்டு உட்கார மாட்டார்.

"எம் மொகம் எம் மொகமா இருக்கும்போதே அவன் பாத்துக்கட்டும். வூட்டுலயே எடுங்க" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் எங்கள் தெருக்காரர் ஒருவர் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறார். அவர் கையில் படம் போய்ச் சேர வேண்டும். அதை விட்டால் அடுத்த ஆள் எப்போது கிடைப்பாரோ, அப்போது உம்மா எப்படி இருப்பாரோ.

கேமரா வாங்கும் பொறுப்பை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். உதவிக்குத் தங்கையின் மாப்பிள்ளை. சகலைகள் இருவரும் சேர்ந்தால் ஊசி வாங்கக்கூட ஒரு வாரம் ஆகும். கேமரா சின்னதாக இருக்கவேண்டுமாம், உயர்ந்த ஜாதியாக இருக்கவேண்டுமாம், பயணத்துக்கும் ஆகவேண்டுமாம். என் வீட்டுக்காரர் செய்த பெரிய பயணம் சேத்தியாத்தோப்பு வரைக்கும்தான். அதிலும் பஸ்ஸில் பாதி நேரம் தூங்குவார்.

வெளிநாட்டிலிருந்து வந்த சபுராளிகளிடம் இருந்த கேமராக்களை ஒவ்வொன்றாக வாங்கிவந்து வைத்துப் பார்த்தார்கள். ஜெர்மன் கேமரா ஒன்று; ஜிப்பா பையில் போட்டால் ஜிப்பா ஒரு பக்கமாக முழங்காலுக்கு இறங்கிவிடும். கனம் ஜாஸ்தியாக இருந்தால்தான் சரக்கு நல்ல சரக்கு என்று சகலை தீர்ப்புச் சொன்னார். அடுத்தது ஜப்பான் கேமரா. உள்ளே ஒரு முள் ஆடியது. அது ஏன் ஆடுகிறது என்று பேசியே ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று. மூன்றாவதாக, உள்ளங்கை அகலத்தில் ஒன்று. அதன் வளையத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சூரியன், மேகம், ஒற்றைத் தலை, மலை என்று குட்டிப் படங்கள். இருவரும் சிரித்து அதை ஓரமாக வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் சாமானாம்.

கடைசியில் ஜெர்மன்தான் வென்றது. சோதிக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் லைட் ஹவுஸை எடுத்தார், சகலையை எடுத்தார், சகலை அவரை எடுத்தார். சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோபுரத்தை எடுத்தார். கோபுரம் எங்கேயும் ஓடிப்போகாது என்று சொன்னேன். கேட்கவில்லை.

உம்மா நல்ல சேலை கட்டி, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் தோல் உறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே நுழைந்தார். அவ்வளவுதான், உம்மா எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

மாமியார் மருமகன் முன்னால் வராத வீடு எங்களுடையது. எல்லாப் பேச்சும் கதவுக்குப் பின்னாலிருந்துதான். அத்தனை நாள் கேமரா பார்த்த இரண்டு மருமகன்களுக்கும், படத்தை எடுக்கப்போவது யார் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

"இத நீ மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் பாய்ந்தார்.

"நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து அவுங்க மொகத்த நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசித்தார். "வளையல் போட்ட கையப் பாத்திருக்கேன். டீ குடுப்பாங்க."

அப்படியானால் நான்தான் எடுக்கவேண்டும். எனக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் கேட்காதீர்கள். ஜெர்மன்காரனின் வளையங்களை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் பாடம் நடத்தினார். எட்டில் வை, பதினொன்றில் வை, வெயில் சாய்ந்தால் திரும்ப எட்டு. படிப்பித்தவருக்கே வியர்த்தது.

"அந்த மேகம் போட்டத எடுத்துட்டு வாங்க" என்றேன்.

ஜெர்மனுக்கு நேர்ந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு கடலூருக்குப் போய், மறுநாள் காலையில் அதைக் கொண்டுவந்தார். இரண்டு மருமகன்களும் வெளியே போய் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். வெயில் அடித்தது, சூரியனில் வைத்தேன். உம்மா ஒருத்தி, ஒற்றைத் தலையில் வைத்தேன். அப்போது உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"இரு. இதக் கழுவுறவன் ஆம்பளதானே? அவன் பாக்க மாட்டானா?"

பெருநாள் நெருங்கிவிட்டது, உம்மா பிடிவாதக்காரி.

"அவன் இருட்டு ரூம்புல வச்சுத்தாம்மா கழுவுவான். வெளக்குப் போட்டா கெட்டுப்போயிடுமாம்."

உம்மா அதை நன்றாக யோசித்தார். "அப்ப பாவம், அவனுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லி முக்காட்டை விலக்கிச் சிரித்தார். அழுத்திவிட்டேன்.

படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, நாற்காலிக்குக் கால் இல்லை. உம்மா இருந்தார், ஓட்டைப் பல்லோடு. அதுதான் கப்பல் ஏறியது. அடுத்த தடவை ஊருக்கு வந்த ஒருவர், அண்ணன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறான், கடையில் சாமான் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான் என்றார்.

என் வீட்டுக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "கேமரா அப்புடி. பாத்துப் பாத்து எடுத்தது" என்றார்.

எங்கே, இதுவரைக்கும் எழுதினதை வாசிடி பேத்தி, கேட்போம். உங்க தாத்தாவுக்குப் பரிந்துகொண்டு எதையாவது விட்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.