டாக்டர் என் தோலில் எதைத் தேடினார்

நரம்புக் கோளாறுக்கு மருந்து கொடுத்த டாக்டர் ஒவ்வொரு முறையும் என் தோலைத்தான் முதலில் பார்த்தார். காதுக்குப் பின்னால், கழுத்தில், முழங்கையில், உதட்டில் எல்லாம் சின்ன டார்ச்சை அடித்து நிதானமாகப் பார்ப்பார். பிறகு என் கணவரிடம் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசுவார். வெளியே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்று கேட்பேன்.

"வெயில்ல அலைய வேணாமாம்," என்பார் என் கணவர்.

அத்தனை நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா? முதல் தடவையே எனக்குச் சுருக்கென்றது.

எண்பதுகளின் தொடக்கம் அது. புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிராணி. நான் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தேன். காலையில் வேலைக்காட்டுக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எந்நேரமும் பதினைந்து பிள்ளைகளாவது இருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தக் கொட்டகையில் எனக்குக் களைப்பே தெரியாது.

ஒருநாள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தபோது, பின்னால் வந்த அதன் தாய், "அக்கா, ஒங்க செருப்பு அங்கேயே கெடக்கு," என்றாள். குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வெந்நீரில் குளித்தால் ஒரு கண் புகை மூடினாற்போல மங்கியது. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெஸ்சர் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கால் இழுக்கத் தொடங்கியதும் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். நோயிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய சக்தி, புத்தி கெட்டுப்போய் நம் நரம்பையே அரிக்கிறதாம். அதை அடக்குவதற்கு வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை. நம் ஆட்களுக்கு இது அபூர்வமாகத்தான் வரும் என்றும் டாக்டர் சொன்னார். அதை மட்டும் என் கணவர் ஒழுங்காக மொழிபெயர்த்தார்.

யாருக்கும் வராத நோய் எனக்கு எப்படி வரும்? வேறு எதையோ மறைக்கத்தான் வாயில் நுழையாத பேராகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த 'வேறு எதையோ' எனக்குப் பழக்கமானதுதான். நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் லயத்தில் ஒருவருக்கு உடம்பில் தேமல் மாதிரி வந்தது. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. ஒருநாள் வண்டி வந்து, அந்த நோய்க்காரர்களை ஒதுக்கி வைக்கிற சுங்கை பூலோவுக்கு அவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை. அவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது நாங்கள் தூர நின்று பார்த்தோம். தொட்டால் தெரியாத கால், தோலைத் துருவுகிற டாக்டர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. எனக்கு வந்திருப்பது குஷ்டம் என்று முடிவு கட்டினேன்.

அதன் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. என் கணவர் கோல சிலாங்கூருக்குப் போய் முழுக்கை ரவிக்கைக்குத் துணி எடுத்து வந்தார். "எதுக்குங்க இந்தப் புழுக்கத்துல?" என்றேன். "வெயிலுக்கு நல்லதுலா," என்றார். மறைப்பதற்கு என்று என் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், "உக்காரு, முதுகுல எண்ணெ தேய்ச்சு விடறேன்," என்று கூப்பிட ஆரம்பித்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என் தலையில்கூட எண்ணெய் வைத்ததில்லை. அவர் விரல் என் முதுகில் ஒவ்வொரு மச்சத்திலும் நின்று நின்று போகும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது அன்பு இல்லை, தேடுகிறார் என்று தெரிந்தது. எதைத் தேடுகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கொட்டகையில் அந்தச் செருப்பைப் பார்த்த தாய் ஒருநாள் கேட்டாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்கு என்னா சீக்குன்னு டாக்டர் சொன்னாரு?"

"நரம்பு."

"நரம்புக்கு எதுக்கு ஒடம்பெல்லாம் பாக்கறாங்களாம்?"

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் அந்தக் குழந்தை வரவில்லை. அதற்கடுத்து இன்னும் இரண்டு. கேட்டால் மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். நான் பால் கலக்கும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள் ஒருத்தி. நானும் என் விரல்களைப் பார்ப்பேன்.

அப்போதுதான் வலது காலில், முன்னெலும்புக்கு மேல், ஒரு தடிப்பைக் கண்டேன். மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். சொரசொரப்பாகச் செதில் விட்டு, சொறிந்தால் லேசாக ரத்தம் கசிந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஊக்கை எடுத்து அதன்மேல் குத்தினேன். வலித்தது. அந்த வலிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அரை மணி நேரம்கூட அது நிலைக்கவில்லை. இப்போதுதானே ஆரம்பம், போகப்போக மரத்துவிடும் என்று தோன்றியது. அன்றிலிருந்து தினமும் கதவைத் தாழிட்டு ஊக்கால் குத்திப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் கைலியைத் தழையத் தழையக் கட்டினேன். அடுத்த முறை டாக்டர் பார்த்தபோது, கால் வலிக்கிறது என்று சொல்லிச் சேலையைத் தூக்க விடவில்லை. இரண்டு மாதம் இப்படிப் போனது.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில், ஸ்டோரைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. என் கணவர் அசைய முடியாது.

"நீ தனியா போவாத. அடுத்த வாரம் போலாம்லா," என்றார்.

"ஏன், நான் பஸ் ஏறுனதில்லையா?"

"அதுக்கில்ல. டாக்டர் சொல்றது ஒனக்குப் புரியாது."

புரிந்துவிடும் என்றுதான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டோருக்குப் போனதும் சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்கு அந்த அறையில் நர்ஸாக ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள், என்னைவிடச் சின்னவள். டாக்டர் டார்ச்சை எடுத்தபோது அவள் கையைப் பிடித்தேன். "மிஸ்ஸி, இவரு என் தோல்ல என்னாத்தத் தேடறாரு? ஒன்னு விடாம கேட்டுச் சொல்லுங்க. நான் எதுக்கும் தயாரா இருக்கேன்."

அவள் கேட்டாள். டாக்டர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு சொல்லலையான்னு கேக்கறாரு, அக்கா."

"இல்ல."

டாக்டர் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இந்த மாத்திரை நரம்பக் காப்பாத்தறதுக்காக ஒடம்போட எதிர்ப்புச் சக்திய அடக்குது. வேற ஆளோட கிட்னி வச்சவங்களும் இதத்தான் சாப்புடறாங்க. அவங்கள்ல சில பேருக்குத் தோல்ல புற்றுநோய் வந்திருக்கு. ஒங்க சீக்குக்குச் சாப்புடறவங்களுக்கும் வருமான்னு இன்னும் சரியாத் தெரியல. ஆனா கவனமா பாக்கணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா வெட்டி எடுத்துடலாம். அதான் பாக்கறாரு. வெயில் ஆகாதுன்னதும் அதுக்குத்தான்."

"அப்ப குஷ்டம் இல்லையா?"

"குஷ்டமா? யாரு சொன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. புற்றுநோய் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு ஒருத்தி இப்படிச் சிரிப்பதை டாக்டர் பார்த்திருக்க மாட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினேன். டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்து குனிந்தார். மிஸ்ஸியின் முகம் மாறியது. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

மறுவாரமே மரக்க ஊசி போட்டு அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்று சாயங்காலமே என் கணவரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பத்துலயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவ. மாத்திரைக்கு முன்னாடி மூனு மாசம் நீ செவத்தப் புடிச்சிக்கிட்டு நடந்தது எனக்கு மறக்கல. நானேதான் பாத்துக்கிட்டு இருந்தேனே," என்றார்.

"முதுக மட்டுந்தானே பாத்தீங்க? வந்தது கால்லதான்லா."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. என் உடம்பைப் பற்றிய சேதியை என்னைத் தவிர எல்லோரும் வைத்திருந்தார்கள். நான் அதற்குப் பதிலாக ஒரு நோயைக் கற்பனை செய்து, அதோடு தனியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் தோலின் மேலடுக்கைத் தாண்டவில்லை, சுற்றிலும் சுத்தமாக எடுத்தாயிற்று என்றார்கள். மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்று டாக்டர் என்னையே கேட்டார். இந்த முறை என் கணவர் வாய் திறக்கவில்லை. நிறுத்தினால் கால் என்ன ஆகும், தொடர்ந்தால் தோல் என்ன ஆகும் என்று மிஸ்ஸி வழியாக நானே கேட்டேன். இரண்டுக்கும் உறுதியாகப் பதில் இல்லை. அளவைக் குறைத்துத் தொடர்கிறேன் என்றேன்.

டிரெஸ்சரைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, எனக்கு ஒட்டுகிற நோய் எதுவும் இல்லை என்று எல்லோர் எதிரிலும் சொல்லச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். செருப்பைப் பார்த்தவளின் பிள்ளை வரவே இல்லை. அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் சந்தேகப்பட்டதைத்தானே நானும் சந்தேகப்பட்டேன்.

நான்கு வருஷம் கழித்து முன்கையில் இன்னொரு தடிப்பு வந்தது. அதை நான்தான் முதலில் பார்த்தேன். ஊக்கைத் தேடவில்லை, யாரிடமும் மறைக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். அதையும் எடுத்தார்கள். அத்தோடு மாத்திரை போதும் என்று நானே டாக்டரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மாத்திரையை விட்ட பிறகு இடது கால் இன்னும் கொஞ்சம் இழுத்தது. கைத்தடி வாங்கிக்கொண்டேன்.