சந்துப் பக்கத்து வாசல்

ரஸ்மியாவைத் தேடி யார் வந்தாலும் அவள் அண்ணன் ஸலாமாவின் குரல்தான் முதலில் எதிர்ப்படும்.

"யாரது?"

முற்றத்தில் அவர் போட்டிருக்கும் நாற்காலியைத் தாண்டி, அண்ணியின் அடுப்படி வழியாகப் போனால்தான் ரஸ்மியாவின் அறை. மதபா ஊரில் எந்த வீட்டில் விருந்து என்றாலும் திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டித் தருவது அவள்தான். இலைக்கட்டோடு வரும் பெண்கள் யார், எந்தத் தெரு, யார் மகள் என்று ஸலாமாவிடம் ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சிலர் அதற்குக் கூச்சப்பட்டே வருவதில்லை.

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் ரஸ்மியா. தாய் படுக்கையில் விழுந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தாய்க்கு உடம்பு மோசமாக இருந்தது. தாய் போய்ச் சேர்ந்தபோது பேச்சு வருவதே நின்றிருந்தது. தாயின் நிலத்தில் பெண்களுக்கு வந்த பங்கை அக்காமார் அண்ணனுக்கே எழுதிக்கொடுக்கப் போனார்கள். ரஸ்மியா அன்று தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் தலைவலி. அப்படியே அவள் பங்கு அவளிடம் நின்றுவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண். ஒரு பக்கம் அண்ணன் முற்றம், மறுபக்கம் சந்து.

அதில் இரண்டு அறை கட்டிக்கொள்ள ஸலாமா கடைசியில் சம்மதித்தார். வரைபடத்தில் வாசல் அவர் முற்றத்தைப் பார்த்து இருந்தது.

"சந்துப் பக்கம் வச்சா என்னண்ணே?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

"தனியா இருக்கிற பொம்பளைக்குத் தெருவுல வாசலா? நாலு பேர் என்னைக் கேப்பான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மதபாவில் எங்கே தோண்டினாலும் சின்னக் கல்லால் படம் பதித்த பழைய காலத்துத் தரை தட்டுப்படும். அதனால் அஸ்திவாரம் தோண்டும்போது தொல்பொருள் இலாகா ஆள் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். வந்தவள் ஹிபா என்ற இளம்பெண். வெயிலுக்குத் தொப்பியும் கையில் மண் சுரண்டும் சின்னக் கரண்டியுமாகக் குழியோரம் நின்றாள். மண் தோண்டும் இயந்திரம் ஓட்டியவன் ஜிர்யிஸ். அதன் வாளியின் பல்லைக் கழற்றிவிட்டு, வெண்ணெய் வழிப்பதுபோல மண்ணை வழித்துக்கொண்டிருந்தான்.

இலாகா வண்டியைப் பார்த்ததுமே தெருவுக்குச் செய்தி போய்விட்டது. ஒரு காலத்தில் ஊரை ஆண்ட துருக்கிக்காரன் புதைத்துவிட்டுப் போன தங்கம்! மொட்டை மாடியெல்லாம் தலைகள்.

"ரஸ்மியா, எங்களை மறந்துடாதே!" என்று ஒருத்தி கத்தினாள்.

"இலை சுருட்டுறதுக்கு ஆள் வச்சுக்குவா இனிமே," என்றாள் இன்னொருத்தி.

ரஸ்மியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீ கொண்டுவந்தாள். ஹிபா கை கழுவ வீட்டுக்குள் போயிருந்தாள். அப்போதுதான் வாளிக்கடியில் ஏதோ கரகரவென்று உரசியது. முற்றத்து ஓரம், வரைபடத்தில் வாசல் இருந்த அதே இடம். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கற்கள், நெருக்கிப் பதிக்கப்பட்டிருந்தன.

ஜிர்யிஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஸலாமாவைப் பார்த்தான்.

"என்னடா பாக்கிறே?" ஸலாமா குரலைத் தாழ்த்தினார். "அவ வந்தா வேலை நின்னுடும். ஒரு இழுப்பு இழுத்துடு."

"நீங்க சொல்லுங்க அக்கா. மண்ணு உங்களுது," என்றான் ஜிர்யிஸ்.

வேலை நின்றால் வீடே இல்லாமல் போகலாம். இழுத்துவிட்டால் வீடு நிச்சயம். வாசல் முற்றத்துப் பக்கம். ரஸ்மியா டீத் தட்டைக் கீழே வைத்தாள். செருப்போடு குழிக்குள் இறங்கி அந்த வெள்ளைக் கற்கள்மேல் நின்றுகொண்டாள்.

"ஹிபா!" என்று கூப்பிட்டாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது மாடியில் நின்றவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஹிபா ஓடிவந்து, "பெரியம்மா, மெதுவா இறங்குங்க," என்று அவள் கையைப் பிடித்து அப்பால் நிறுத்திவிட்டுக் குனிந்தாள். பொழுது சாயும்வரை கரண்டியும் தூரிகையுமாகச் சுரண்டினாள். படம் இல்லை, பூ இல்லை. வெறும் வெள்ளைத் தரை, ஓரத்தில் ஒரு தொட்டி.

"அந்தக் காலத்துல மதுவுக்குத் திராட்சை மிதிச்ச இடம். இங்க மிதிச்சா சாறு அந்தத் தொட்டிக்குப் போகும்."

"சாராயக் கடையா! என் வாசல்லயா!" ஸலாமா தலையில் கைவைத்தார்.

"எங்க பாட்டன் சொத்தா இருக்கும் அபூ ஆயித். எனக்கு எழுதிக் குடுத்துடுங்க," என்றான் ஜிர்யிஸ், ஸலாமாவை மகன் பெயர் சொல்லி மரியாதையாக அழைத்து. அவன் கிறிஸ்தவன். மாடியில் சிரிப்பு கிளம்பியது. தங்கம் இல்லையென்றதும் தலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

இலாகாவிலிருந்து முடிவு வரும்வரை ரஸ்மியாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஹிபாவே வந்து சொன்னாள். அந்த ஓரத்தை மணல் போட்டு மூடி, யாரும் தொடாமல் விடவேண்டும். வீட்டைச் சந்துப் பக்கமாகத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம்.

"அப்ப வாசல்?" என்றார் ஸலாமா.

"சந்துப் பக்கம்தான். இந்தப் பக்கம் படி வைக்கவே முடியாது."

ஸலாமா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன, சிரிக்கிறியா?"

"இல்லண்ணே. தூசி."

வீடு எழும்பியதும் சந்துப் பக்கக் கதவை ஸலாமாதான் மாட்டினார். கீல் சரியில்லை என்று தச்சனைத் திட்டி, தானே கழற்றி மறுபடி மாட்டினார்.

குடிபோன மறுநாள் ரஸ்மியா தரையில் உட்கார்ந்து இலை சுருட்டிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியே அண்ணனின் தலைத்துணி தெரிந்தது. கையில் அண்ணி கொடுத்துவிட்ட மூடிய தட்டு.

அவள் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த இலையை முழுக்கச் சுருட்டிச் சட்டியில் வைத்தாள்.

"யாரது?" என்றாள்.