இழுத்து மூடாத வயிறு

அந்தத் தெருவில் அவருக்குப் பைக்காரர் என்றுதான் பெயர். பெட்டியோ தோள்பையோ, பல் போன ஜிப்பை மாற்றித் தருவார். திட்டிக்கொண்டேதான் தருவார். "பிதுங்கப் பிதுங்க அடைச்சிட்டு முழங்காலை வச்சு அமுக்கினா ஜிப்பு என்னங்க பண்ணும்? அதுவும் ஒரு ஜீவன்தானே?" கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் அடுத்த மாதம் அதே பெட்டியோடு வருவார்கள்.

அப்பேர்ப்பட்ட வாய்க்காரர் ஆறு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மனைவிக்குக் குடலில் ஓட்டை விழுந்து வயிறு முழுக்கச் சீழ். அறுத்துக் கழுவினார்கள், அதுவரைக்கும் புரிந்தது. கழுவினவர்கள் தைக்கவில்லை. திறந்த வயிற்றின் மேல் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்து, கண்ணாடித்தாள் ஒட்டி, நீரை உறிஞ்ச ஒரு குழாயைச் சொருகி அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்ளே கொண்டுபோவார்கள், கழுவுவார்கள், திறந்த வயிற்றோடு திருப்பிக் கொண்டுவருவார்கள். கேட்டால் டாக்டரம்மா, "நல்லா இருக்காங்க" என்பார். நல்லா இருந்தால் ஏன் மூடவில்லை? மூடவில்லை என்றால் அது என்ன நல்லா? பைக்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

போதாக்குறைக்கு மைத்துனன் வேறு. "கைவிட்டுட்டாங்க மாமா. அதான் தைக்கல. எழுதிக் கொடுத்துட்டு அக்காவக் கூட்டிட்டுப் போயிடலாம். வேற ஆஸ்பத்திரியில ஒரே நாள்ல மூடிருவாங்க." ஆம்புலன்சையும் வாசலுக்கு வரவழைத்துவிட்டான்.

பைக்காரர் கடைசியாக ஒருதரம் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்.

"அம்மா, ரெண்டு பக்கமும் பிடிச்சு எப்படியாவது இழுத்து மூடிடுங்களேன்."

"குடல் இன்னும் வீங்கியிருக்குங்க. இப்ப அமுக்கி மூடினா மூச்சு முட்டும், கிட்னி நின்னுபோகும். வீக்கம் வடிய வடிய ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டு வர்றோம். இப்ப நாலு விரல் இடைவெளிதான் பாக்கி. இந்த நேரத்துல வண்டியில ஏத்தினா தாங்கமாட்டாங்க."

முழங்காலை வைத்து அமுக்கச் சொன்னது யார் என்று பைக்காரருக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. முழுசாகப் புரிந்ததா என்றால், இல்லை. ஆனாலும் ஆம்புலன்சைத் திருப்பி அனுப்பினார். மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் காலை டாக்டரம்மாவே காகிதத்தோடு வந்தார். "இன்னிக்கு மூடிடலாம். கையெழுத்துப் போடுங்க."

பைக்காரர் பேனாவை வாங்கினார், போடவில்லை. "இறுக்கிப் பிடிக்காதுங்களே? இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பார்த்தா என்னங்க?"

"நீங்கதானே அன்னிக்கு இழுக்கச் சொன்னீங்க?"

"அது தெரியாமச் சொன்னதுங்க."

"இப்பத் தெரியுதா?"

"இப்பவும் ஒண்ணும் தெரியலைங்க" என்று சொல்லி, அந்த வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க அழுதார். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். வயிற்றில் குழாய் இல்லை. "தையலப் பாருங்க மாமா!" என்றான் மைத்துனன். பைக்காரர் பார்க்கவில்லை. மூச்சு சிரமமில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று அவள் மார்பையே பார்த்தபடி கட்டிலோடு நடந்தார். ஏறி இறங்கியது.