புஜ்ஜிக்கு நான் கொடுத்த ஐந்து மாத்திரைகள்

புஜ்ஜியைக் கொன்றவன் நான்.

நோய் கொல்லவில்லை. முதுமை கொல்லவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தையே எடுத்து, அவர் சொன்ன அளவுக்கு மேல், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வேகவைத்த முட்டைக்குள் ஒளித்து ஊட்டிக் கொன்றேன். பதினொரு வயது நாய். என் கை கொடுக்கிறது என்பதற்காகவே வாயைத் திறந்த நாய்!

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு நான் செய்தது... இல்லை, வாயை மூடிக்கொண்டு நின்றது... அதைச் சொல்லத்தான் உங்கள் முன் வந்திருக்கிறேன். உங்களுக்கு அருவருப்பாக இருக்கும். இருக்கட்டும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

என்னை யாரென்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரத்து நாகலாபுரத்துக்காரன். என் நைனாவுக்கு, அப்பாவுக்கு, சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. ஊரில் நிலமுள்ள ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் சாணி வாரியவர். விடிவதற்குள் நானும் அவரோடு வாரிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். நான் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவான். ஆசிரியர் அதைப் பார்ப்பார். பாடத்தைத் தொடர்வார்.

பின்னாளில் ஸ்ரீ சிட்டி என்ற தொழில்நகரம் வந்தது. புதர் மண்டிக் கிடந்த மண்ணில் தொழிற்சாலைகள் எழுந்தன. நாற்பதைத் தாண்டிய வயதில் சீருடை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். சூப்பர்வைசர் ஆனேன். வீடு கட்டினேன். தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். என் வீட்டுக்குள் வருகிறவன் எவனும் மூக்கைப் பிடிக்கக் கூடாது... எனக்கு இருந்த ஒரே வெறி அதுதான்.

புஜ்ஜி என் மகள் ஹரிணியுடையது. வெள்ளை நிறப் பொமரேனியன். பத்தாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கினாள். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, அமெரிக்காவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனாள். "நைனா, நான் வர வரைக்கும் பத்திரமா பாத்துக்கோ" என்று விமான நிலையத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை.

ஆனால் நாயைப் பார்த்துக்கொண்டது என் மனைவி சரளாதான். மகள் போன பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சுக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது புஜ்ஜி ஒன்றுதான்.

ஒரு கோடையில் அதற்குத் தாகம் பிடித்தது.

"மாமா, இன்னா தண்ணி குடிக்குது பாரு! காத்தால ரொப்பின குண்டான், அதுக்குள்ள காலி. துன்னதும் பத்தல அதுக்கு, இன்னும் கேட்டுக்கினே கீது."

குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வரத்தானே வேண்டும்? கூடத்தில், கட்டில் காலடியில், பூஜை அலமாரிக்குக் கீழே... எங்கே பார்த்தாலும் குளம்! அதன் வயிறு பானைபோல் தொங்கியது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வால் எலிவால் ஆயிற்று. தோல் மெலிந்து, கறுத்து, தொட்டால் பொடியாகச் செதில் உதிர்ந்தது. நாள் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். அந்த இரைப்பைக் கேட்டாலே எனக்குக் குமட்டும்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது காலுறையோடு அதன் மூத்திரத்தில் மிதித்துவிட்டேன். மாற்றக்கூட நேரமில்லாமல் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னா சார், ஏதோ கப்பு அடிக்குதே?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ ஐம்பது வயதில் மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பலகையில் போய் உட்கார்ந்தாற்போல் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் புஜ்ஜியைக் காலால் தள்ளினேன். அது என் காலை நக்கியது.

திருப்பதியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இரத்தம் எடுத்தார், ஓர் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார். முடிவு வந்தபோது நோயின் பெயரைச் சொன்னார்: குஷிங்ஸ். மூளையில் கடுகளவு கட்டி. அதனால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி தேவைக்கு அதிகமாகச் சுரக்கிறது. தாகம், பசி, மூத்திரம், முடி உதிர்வு எல்லாம் அதனால்தான். குணமாகாது, ஆனால் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம்.

மருந்து சென்னையிலிருந்து வந்தது. பத்துப் பத்தாக மூன்று அட்டைகள். மருத்துவர் தெலுங்குக்காரர். எங்களுக்காகத் தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, தினம் காலையில ஒண்ணு. ஒகட்டே! சாப்பாட்டோட குடுங்க. ரெண்டு வாரம் ஓப்பிகையா இருங்க, பொறுமையா. அப்புறம் ரத்தம் பாத்துட்டு, அளவு கூட்டணுமா குறைக்கணுமான்னு நான் சொல்றேன். இந்த மருந்து ஜாஸ்தியானா அந்தச் சுரப்பி மொத்தமா படுத்துடும். சோறு வேணாம்னுச்சு, வாந்தி எடுத்துச்சு, சோர்ந்து படுத்துச்சுன்னா உடனே நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க."

சரளா அதை மந்திரம்போல் மனப்பாடம் செய்துகொண்டாள். நானும் கேட்டேன். நன்றாகக் கேட்டேன்! தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்கு இரக்கம் காட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மருந்தைத் தொடங்கினோம். ஒரு வாரம் போயிற்று. தாகம் கொஞ்சம் தணிந்ததாகச் சரளா சொன்னாள். என் கண்ணுக்குக் குளங்கள்தான் தெரிந்தன.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் மேலாளர், சென்னைக்காரர், என்னைக் கூப்பிட்டார்.

"வர ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட உங்க ஊர் வேதநாராயணர் கோயிலுக்கு வரோம். மத்தியானச் சாப்பாடு உங்க வீட்லதான், சரியா?"

என் வீட்டில்! மேலாளர் என் வீட்டுத் தரையில் கால் வைக்கப்போகிறார்! உடனே அந்த நாற்றம் மூக்கில் ஏறியது... அங்கே, அந்தக் குளிரூட்டிய அறைக்குள்ளேயே.

அன்று மாலை சரளா பால் வாங்கப் போயிருந்தாள். சமையலறை அலமாரியிலிருந்து அட்டையை எடுத்தேன். அவள் பிரித்திருந்த அதே அட்டையிலிருந்து ஒன்றை உடைத்தேன். முட்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். புஜ்ஜி வாலை ஆட்டிக்கொண்டு விழுங்கியது. இத்தனை நாளில் நான் அதற்கு என் கையால் ஊட்டியது அதுதான் முதல் முறை. சந்தோஷத்தில் என் விரலையும் சேர்த்து நக்கியது.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. காலையில் அவள் ஒன்று. மாலையில் நான் ஒன்று.

வியாழக்கிழமையே தரை காய்ந்துவிட்டது. "மருந்து வேல செய்யுது மாமா!" என்று சரளா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை புஜ்ஜி எழுந்து வரவில்லை. படுத்த இடத்திலிருந்து கண்ணை மட்டும் உருட்டியது. கண்டேன். கண்டும் ஐந்தாவது மாத்திரையை வாய்க்குள் தள்ளித் தொண்டையைத் தடவி விழுங்கவைத்தேன். முட்டையை அது தொடவில்லை.

ஏன்? ஏன் அந்த ஐந்தாவது? முதல் நான்குக்கும் என்னிடம் ஏதோ ஒரு சாக்கு இருக்கிறது. அதற்கு இல்லை. தரை காய்ந்தாயிற்றே! இன்றுவரை என்னையே கேட்கிறேன். அது இல்லாமல் போனால் நல்லதென்று உள்ளுக்குள் எதுவோ நினைத்ததா? நினைத்தது. எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை அது வாந்தி எடுத்தது. கால்கள் நடுங்கின. சரளா தானாகவே மருந்தை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"டாக்டருக்கு போன் போடு மாமா. இப்பவே திருப்பதிக்குப் போய்க்கினு வந்துடலாம்."

வாசலுக்குப் போனேன். எந்த எண்ணையும் அழுத்தாமல் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, "எடுக்கல. நாளைக்கு அவங்க சாப்ட்டுப் போனதும் போலாம். ஒரு நாள்தானே!" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். கோழி வாங்கிவர ஆள் அனுப்பினாள். மசாலா அரைத்தாள். அரைக்கும்போதே அழுதாள்.

ஞாயிறு மதியம் மேலாளர் வந்தார். மனைவியும் வந்தார். நாட்டுக்கோழிக் குழம்பைப் புகழ்ந்தார்கள். சுவரில் ஹரிணி நாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"நாய் இருக்கா? நாய் வளக்கிற வீடு மாதிரியே இல்லையே! துளி வாசனை இல்ல."

என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஐயோ, அந்த நிமிடம் நான் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா! பின்பக்கக் குளியலறையில், கதவுக்குப் பின்னால், ஈரச் சாக்கின்மேல் புஜ்ஜி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த சரளா அந்தப் பக்கமே பார்த்தாள். நான் பாயசம் கேட்டேன்.

அவர்கள் கிளம்பும்போது மணி நாலு. கார் பிடித்தோம். புத்தூர் தாண்டும்போது நாயின் காதும் பாதமும் சில்லிட்டிருந்தன. மருத்துவருக்கு அப்போதுதான் உண்மையாகவே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

மேசையில் கிடத்தி, காலில் ஊசி குத்தி, சலைன் ஏற்றினார். இதயத்தைக் கேட்டார், முகம் மாறியது. "மருந்து கொண்டாந்தீங்களா? காட்டுங்க."

சரளா பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பி எண்ணினார்.

"என்னிக்கு நிறுத்தினீங்க?"

"நேத்து காத்தாலேருந்து குடுக்கல சார்."

"அப்போ பன்னெண்டு போயிருக்கணும். பதினேழு போயிருக்கே அம்மா?"

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு குழியாகத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அவளுக்கு அப்போதே தைராய்டு குறைவு, அதனால் மறதி. சாவியை வைத்த இடம் மறப்பாள், அடுப்பில் பாலை மறப்பாள். அவள் முகம் வெளிறிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நாந்தான் சார் குடுப்பேன். வேற யாரும் குடுக்கமாட்டாங்க..." என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, குடுத்துட்டத மறந்துட்டு திரும்பத் திரும்பக் குடுத்துட்டேனா நானு?"

ஒரு சொல் போதும். 'இல்லை' என்ற ஒரு சொல்!

நான் தரையைப் பார்த்தேன்.

மருத்துவர் நல்லவர். "ஜரிகிப்போச்சு, நடந்தது நடந்துபோச்சும்மா. வேணும்னா செஞ்சீங்க?" என்றார். பிறகு, "நேத்தே வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் புஜ்ஜியின் மூச்சு நின்றது. சரளா அதன் முடியில்லாத வயிற்றில் முகத்தை வைத்து, "நானே கொன்னுட்டேனே... நானே கொன்னுட்டேனே..." என்று கதறினாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மாத்திரையை உடைத்த அதே கை!

ஹரிணியிடம் அவளேதான் போனில் சொன்னாள், தன் தவறு என்று.

அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அந்தச் சாப்பாட்டால் வந்ததில்லை. எனக்கு முறைப்படி வரவேண்டிய ஆண்டு அது. பட்டியலில் என் பெயர் முன்பே போயிருந்ததாம். மேலாளரே பிறகு சொன்னார்.

எட்டு வருடம் ஆகிறது. சரளா இன்று தன் கையை நம்புவதில்லை. தன் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டதும் என்னைக் கூப்பிட்டு, "நான் போட்டுக்கினத நீ பாத்தல்ல மாமா?" என்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடத் தயங்குவாள். ஹரிணிக்குப் பிரசவம் ஆனபோது விசா, டிக்கெட் எல்லாம் தயாராக இருந்தது. கடைசியில் சரளா போக மறுத்துவிட்டாள். "குயந்தைக்கு மருந்து கிருந்து மாத்திக் குடுத்துட்டேன்னா? நான் வரல கண்ணு" என்றாள். ஒரே பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் போகவில்லை. அந்த வருத்தம் மகளுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போதாவது சொன்னேனா? "வுடு சரளா, வயசானா எல்லாருக்கும் மறதி வரும்" என்று தேற்றினேன். என்ன பிறவி நான்! அவள் என் தோளில் சாய்ந்து, "உன்ன மாதிரி எவன் பொறுத்துக்குவான்?" என்றாள். எனக்குக் குமட்டியது. நாயின் மூத்திரத்துக்குக்கூட அப்படிக் குமட்டியதில்லை.

இப்போது இதையெல்லாம் எழுதிவிட்டேன். பெரிய துணிச்சல் என்று நினைக்காதீர்கள். நான் எல்லை தாண்டி ஊத்துக்கோட்டையில் தமிழில் படித்தவன். சரளா புத்தூரில் தெலுங்கில் படித்தவள். வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ்தான். ஆனால் அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

இந்தத் தாள்கள் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசைமேல்தான் கிடக்கின்றன. அவள் தினமும் அவற்றை ஒழுங்காக அடுக்கி, பறக்காமல் இருக்க மேலே ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் போகிறாள்.