ரிஃபானா வரைந்த டோக்கன் ஆப்

பாலக்கரை ரிஃபானாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இருக்காதா பின்னே? தில்லை நகரில் ஒரு கண் கிளினிக்கின் ரிசப்ஷனில் ஒன்பது வருடம் உட்கார்ந்து, தொண்டை கிழிய டோக்கன் நம்பர் கூப்பிட்டவள். யார் சீட்டைத் தொலைப்பார், யார் வரிசையில் நைசாகப் புகுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

டாக்டரின் மகன் சித்தார்த் ஒருநாள் அவளிடம் வந்தான்.

"அக்கா, டோக்கனுக்கு ஆப் பண்ணப்போறோம். ஜனங்களைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே டிசைன் பண்ணுங்க. முடிஞ்சதும் அதைப் பாத்துக்குற வேலையும் உங்களுக்குத்தான்."

அடேயப்பா! இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் போதும் என்றிருந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே வீடியோ பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். முதல் பாடம் எளிமையாகத்தான் இருந்தது: பேப்பரில் வரை, ஆளிடம் கொடு, வாயை மூடிக்கொண்டு கவனி. அந்த வாயை மூடுவதற்குத்தான் ரிஃபானாவுக்கு உயிர் போனது.

பேப்பரை செல்போன் அளவுக்கு வெட்டி, பென்சிலால் பட்டன்கள் வரைந்து, இருசம்மாளிடம் நீட்டினாள். இருசம்மாள் முசிறியில் வாழை இலை வியாபாரம் செய்பவள். மாதாமாதம் கண்ணுக்குப் பார்க்க வருவாள்; எந்தச் சொட்டு மருந்து எந்தக் கண்ணுக்கு என்று ரிஃபானாவிடம் கேட்டுக்கொண்டுதான் போவாள். அவள் பட்டனைத் தொட்டால் ரிஃபானா அடுத்த பேப்பரை வைப்பாள். முதல் நாள் இருசம்மாள் "இப்ப என்ன பண்ணணும் பாப்பா?" என்று பதினோரு தடவை கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் ரிஃபானா ஒரு படத்தைக் கிழித்து மறுபடி வரைந்தாள்.

'வந்துவிட்டேன்', 'ரத்து' என்று இரண்டே பட்டன் இருந்த பேப்பரில் இருசம்மாளின் விரல் நின்றுவிட்டது.

"நான் வந்தும் சேரல, வராமலும் இல்ல. குணசீலம் தாண்டி பஸ்ல இருக்கேன். அதுக்கு எதைத் தொடுறது?"

அதுவரை அவள் குணசீலத்திலிருந்து போன் அடிப்பாள், ரிஃபானா டோக்கனை இரண்டு ஆள் தள்ளி வைப்பாள். முசிறிப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்குமே அதுதான் வழக்கம். அதையே மூன்றாவது பட்டனாக வரைந்தாள்: 'பஸ்ஸில் வருகிறேன்'. அன்றைக்கு இருசம்மாளுக்கு டீயும் பஜ்ஜியும் ரிஃபானா செலவு.

பிறகு அதே படங்களை போனில் செய்தாள். ஏழாவது தடவை இருசம்மாள் வாயே திறக்காமல் தானாக டோக்கன் போட்டுவிட்டாள். ரிஃபானா சித்தார்த்திடம் ஓடினாள்.

"சார், ஒரு கேள்விகூடக் கேக்கல!"

"சூப்பர்க்கா. டிசைன் லிங்க்கை எனக்கு அனுப்புங்க."

நின்ற இடத்திலேயே அனுப்பினாள்.

இரண்டு மாதத்தில் ஆப் வந்தது. அத்தனையும் அவள் வரைந்ததுதான், கலர் உட்பட. கீழே சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தது. அதே வாரம் சித்தார்த் அவளைக் கூப்பிட்டான்.

"இப்பதான் யாரும் எதுவும் கேக்க வேண்டியதில்லையேக்கா. ரிசப்ஷனுக்கு ஆள் தேவைப்படல."

"ஆப்பைப் பாத்துக்குற வேலை எனக்குன்னு சொன்னீங்களே சார்?"

"அதைச் சென்னை டீம் பாத்துக்குறாங்க. உங்ககிட்ட சர்டிஃபிகேட்டும் இல்லையே."

பாவி, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னான். அக்கா அக்கா என்று கூப்பிட்டே கழுத்தை அறுத்துவிட்டானே! அவனைவிட, கேட்டதும் லிங்க்கை அனுப்பிய தன் கைமேல்தான் கோபம் அதிகம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிசைனுக்கு ஆள் கேட்டார்கள். அனுப்பிய லிங்க் இப்போது அவளுக்கே திறக்கவில்லை; அந்த ஆப் தன்னுடையது என்று காட்ட அவளிடம் இருந்தது பேப்பர் கட்டு மட்டும். அதை எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எதிரே இருசம்மாள் வந்தாள். ரிஃபானாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னைய நம்ப வச்சு ஏமாத்திட்டாங்கம்மா."

இருசம்மாள் அவள் கையைப் பிடிக்கவில்லை.

"டோக்கன் நல்லாத்தான் வருது. எந்தச் சொட்டு எந்தக் கண்ணுக்குன்னு சொல்லத்தான் அங்க ஆள் இல்ல. மாத்தி ஊத்திட்டு நாலு நாள் கெடந்தேன். ஏழு தடவை என்னைய உக்கார வச்சுக் கேட்டியே பாப்பா, இனிமே நீ அங்க இருக்கமாட்டேன்னு ஒரு தடவையாச்சும் சொன்னியா?"

"சத்தியமா எனக்கே தெரியாதும்மா."

"நான் அதை எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டு இருசம்மாள் முசிறி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.