ஜிம்முக்குப் போன பிரசவ லேகியம்

ஜிம்மிலிருந்து வியர்வை காயாமல் வந்து நின்ற என் கொழுந்தனார், நான் நீட்டிய கரண்டியிலிருந்து லேகியத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டு முழித்த முழி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. திப்பிலிக் காரம் தொண்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது, மற்றொன்றில் தண்ணீர் கட்டியது. "காரமாத்தான் இருக்குதுங்க அண்ணி, ஆனா நல்லாருக்குது" என்றார். அது பிள்ளை பெற்ற எனக்காகக் கோயம்புத்தூரிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், கிண்டி அனுப்பிய பிரசவ லேகியம். அவரிடம் நான் சொன்னதோ, உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கென்றே செய்த லேகியம் என்று.

அப்போது நாங்கள் புனேவில் பாணேர் பகுதியில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். கணவருக்கு ஹிஞ்சேவாடியில் வேலை. ஆபீஸ் வண்டியில் ஏறிவிட்டேன் என்று போன் செய்தால், நெரிசலில் வீடு வந்து சேர்வதற்குள் சமைத்ததெல்லாம் ஆறிவிடும். கொழுந்தனார் படிப்பை முடித்து முதல் வேலைக்காக எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஆள் ஒல்லி. சட்டை அவரைப் போட்டுக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். உடம்பைத் தேற்ற வேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்தவர், மாடிப்படி ஏறும்போதெல்லாம் அம்மா அம்மா என்று தொடையைப் பிடித்துக்கொள்வார். வலி போக ஒன்று, பசி எடுக்க ஒன்று என்று மூலிகை மாத்திரைப் புட்டிகள் அவர் அலமாரியில் அணிவகுத்து நின்றன. அமுக்கரா மாத்திரைப் புட்டியில் யாரோ ஒரு கட்டுமஸ்தான ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "அவனுக்கு மட்டும் வேலை செஞ்சிருக்குதுங்க அண்ணி" என்று அலுத்துக்கொள்வார்.

என் நிலைமை அதைவிட மோசம். மகள் பிறந்தபிறகு எனக்குப் பசி என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. சோறு வேகும் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வேன். பால் போதாமல் குழந்தை வீறிட்டு அழும், கூடவே நானும் அழுவேன். டாக்டர் எல்லாம் பரிசோதித்துவிட்டு, "ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள், அது போதும்" என்றார். எது முடியவில்லையோ அதையே மருந்தாக எழுதிக்கொடுத்தால் என்ன செய்வது? அம்மா பள்ளிக்கூட வேலையில் விடுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தாள். குழந்தையை ஒழுங்காக வளர்க்க மாட்டேனோ என்ற பயம் நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அத்தையால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக டப்பா நிறைய லேகியம் கூரியரில் வந்தது. சாயங்காலம் தவறாமல் வீடியோவில் வந்துவிடுவார். "லேகியம் சாப்பிட்டியா கண்ணு? உடம்பு வலி போகும், இடுப்புக்குப் பலம், பசி பிச்சுக்கும். எங்க, டப்பாவைக் காட்டு." மூடியைத் திறந்தாலே எனக்குக் குமட்டியது. ஆனால் டப்பா குறைந்தாக வேண்டுமே. உடம்பு வலி, பலம், பசி... யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் கொழுந்தனார் கேட்டுக்கொண்டிருந்த வரங்கள்தான்! "தம்பி, ஜிம்முக்குப் போறவங்களுக்கு இது ரொம்ப நல்லதுங்களாம், அத்தை குடுத்து உட்டாங்க" என்று நீட்டினேன். அவர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல! அவருக்கு யானைப் பசி எடுத்தது. லேகியத்தால்தானா, ஜிம்மினாலா, வயதினாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். வரும்போதே கடையிலிருந்து சோள பாக்ரி ரொட்டி வாங்கிவருவார். கூகுளைப் பார்த்துக் கடலைமாவு கரைத்து, அதற்குத் தொட்டுக்கொள்ளப் பிட்லா கிளறுவார். ரசம் வைப்பார். முருங்கைக்கீரை வதக்குவார். எல்லாவற்றையும் என் கட்டில் பக்கத்தில் தரையில் பரப்பி உட்கார்ந்துகொண்டு, முதல் வாய்க்கு முன்னால் கரண்டியை நீட்டுவார். "அண்ணி, உப்புப் பாருங்க. எனக்கு நாக்கே சரியில்லீங்க." உப்புப் பார்க்க மாட்டேன் என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? முதலில் நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தேன். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு. சந்தேகமாக இருந்தால் மறுபடி ஒரு சொட்டு. ஒருநாள் முருங்கைக்கீரைக்கு உப்புப் பார்க்கப் போய்க் கிண்ணத்தையே காலி செய்திருந்தேன். "என்னங்க அண்ணி, எனக்கு?" என்று வெறும் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இன்னும் பசித்தது. பசித்தது! அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கொஞ்ச நாளில் மகளும் வயிறு நிறைந்து, பால் வாயோடு என் மடியிலேயே தூங்க ஆரம்பித்தாள்.

மாமனாருக்குக் கண் தேறியதும் அத்தை புனேவுக்கு வந்தார். என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம லேகியம்னா சும்மாவா?" என்று பூரித்துப்போனார். நான் காலி டப்பாவைக் கழுவப் போனேன்.

அந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் மராத்தியில் சண்டை போட்டுவிட்டு வந்து, என்னிடம் திக்கித் திக்கித் தமிழில் நியாயம் கேட்கிறாள். கொழுந்தனாருக்குத் தோளும் மார்பும் அகன்று, தனிக்குடித்தனமும் ஆகிவிட்டது. போன மாதம் அவருக்கும் ஒரு மகன் பிறந்தான். இந்தமுறை அத்தை நேராகவே வந்துவிட்டார். கொழுந்தனார் வீட்டுச் சமையலறையில் லேகியம் கிண்டுவதற்கு ஒத்தாசையாக நானும் போயிருந்தேன். எனக்குத்தான் வேலையே இல்லை. கொழுந்தனாரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று வரிசையாக எடுத்து வைத்தார். பாகுப் பதத்தை விரலில் உருட்டிப் பார்த்தார். அத்தை சொல்வதற்கு முன்னால் நெய்யை ஊற்றினார்.

"இதெல்லாம் எப்பங்க தம்பி கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

பதில் அத்தையிடமிருந்து வந்தது. "அவங்கக்காவுக்கு மூத்தது பொறந்தப்ப, எனக்குக் கை வலின்னு இவன்தான், கண்ணு, முழுசாக் கிண்டுனான். அப்ப காலேஜுல படிச்சுட்டிருந்தான்."

நாத்தனாரின் மூத்த பையன் என் மகளைவிடப் பெரியவன். அத்தை குழந்தையைப் பார்க்க உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

"தம்பி, அப்ப அது என்ன லேகியம்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"மோந்து பாத்ததுமே தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்குங்க தின்னீங்க?"

அவர் அடுப்பைத் தணித்தார். காது சிவந்துவிட்டது. "அண்ணன் வர நேரமாகும். பாப்பா ஒரு பக்கம் அழுகுது, நீங்க ஒரு பக்கம் சாப்பிடாம அழுகறீங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலீங்க அண்ணி. அதான், உப்புப் பாக்கவாவது வாயத் தொறப்பீங்கன்னு நான் திங்க ஆரம்பிச்சுட்டேன்."